சின்னத் தாத்தா ஏன் போனை எடுக்கவில்லை?

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பாடவேளை ஒதுக்கிப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனின் பேத்தி வரும் விடுமுறையில் அப்பா அம்மாவோடு ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து சுற்றிப் பார்க்கப் போகிறாள். இங்கிருந்தே ரோமிங் போட்டுக்கொண்டு போவதா, அங்கே இறங்கி சிம் வாங்குவதா என்று வீட்டில் பெரிய விவாதம். நடுவில் அண்ணன் வழக்கம்போல் பழைய கதையை எடுத்தார்.

"நீ பொறந்த அன்னிக்கு உன் சின்னத் தாத்தா அங்கதான் இருந்தான். மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் கட் பண்ணிட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஏன் சின்னத் தாத்தா எடுக்கலை? எடுக்கறதுக்கு என்ன காசா?"

"எடுக்கறதுக்குத்தாம்மா காசு" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்கு அன்று வாயால் சொன்னதை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்.

2010 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் வேலை பார்த்த நம் பழைய மாணவர் ஒருவர், "சார், ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று அழைத்திருந்தார். கொலோன் நகரிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். என் சட்டைப் பையில் நம்மூர் சிம். வெளிநாட்டில் அழைப்பை எடுத்தாலே நிமிடத்துக்கு நூறு ரூபாய்க்குக் குறையாது என்று வீட்டில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ரயில் பெல்ஜியத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார். துண்டித்தேன். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் துண்டித்தேன். மூன்றாவது தடவையும் அப்படியே. "ராத்திரி காலிங் கார்டு வாங்கிப் பேசிக்கலாம் சார்" என்றார் மாணவர்.

ராத்திரி பேசினேன். பேத்தி பிறந்து ஆறேழு மணி நேரம் ஆகியிருந்தது. "எல்லாருக்கும் முன்னாடி உனக்குத்தான்டா சொல்லணும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். அந்தக் குரலில் இருந்த வருத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதே ரயிலில் இன்னொன்றும் நடந்தது. எல்லை தாண்டியதும் மாணவரின் ஜெர்மன் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பெல்ஜியத்திலிருந்து பேசினால் நிமிடத்துக்கு இவ்வளவு, அழைப்பை எடுத்தால் இவ்வளவு என்று விலைப்பட்டியல். "எல்லை தாண்டினா இதைச் சொல்லியாகணும்னு இவங்க சட்டம் சார். விலைக்கும் உச்சவரம்பு இருக்கு" என்றார். ஒரே ரயில், ஒரே கோபுரம், அடுத்தடுத்த இருக்கை. அவருக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை. இது ஏன் என்ற கேள்வி அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

ஐரோப்பாவில் 1980களில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு செல்போன் முறை. பிரிட்டனின் போன் ஜெர்மனியில் வேலை செய்யாது, ஜெர்மனியின் போன் பிரான்ஸில் வேலை செய்யாது. சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகள் மட்டும் 1981-82 முதல் தங்களுக்குள் ஒரு பொது முறையை வைத்திருந்தன. அதைக் கண்ட மற்ற நாடுகளுக்கும் ஆசை வந்தது. 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜிஎஸ்எம் என்று நாம் கேள்விப்பட்ட முறைக்கு அதுதான் அடித்தளம். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு போனது. அடுத்த ஆண்டே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. ஆக, எல்லை தாண்டிப் பேசும் தொழில்நுட்பம் 1992லேயே தயார். அது மலிவாவதற்கு மேலும் 25 ஆண்டுகள் ஆயின.

ரோமிங் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் காசு எங்கே போகிறது என்பது புரியும். நீங்கள் பெல்ஜியத்தில் போனை ஆன் செய்ததும் அங்குள்ள நிறுவனம் உங்கள் சிம்மில் இருக்கும் நாட்டு எண்ணைப் பார்க்கிறது. இந்தியாவுக்கு 404, 405. "இவர் உங்கள் ஆள்தானா?" என்று இந்திய நிறுவனத்தைக் கேட்கிறது. "ஆமாம், நான் பொறுப்பு" என்று பதில் வந்ததும் இடம் கொடுக்கிறது. உறவுக்காரர் வீட்டில் தங்கப் போனால் அவர் நம் அப்பாவுக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது போலத்தான்.

அண்ணன் என் எண்ணை அழைத்தபோது அது நேராக பெல்ஜியத்துக்கு வரவில்லை. முதலில் இந்தியாவில் என் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து பெல்ஜியத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று கூப்பிடுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம் அல்லவா? அதனால் அவரிடம் உள்ளூர்க் காசுதான் வாங்க முடியும். கடல் தாண்டும் பகுதிக்கான காசு என் தலையில். அதனால்தான் எடுத்தாலும் காசு.

சரி, காசு வாங்கட்டும். இவ்வளவு ஏன்? வெளிநாட்டு நிறுவனம் நம் நிறுவனத்துக்கு மொத்த விலையில் ஒரு ரசீது போடும். நம் நிறுவனம் அதன்மேல் லாபம் வைத்து நமக்குச் சில்லறை விலையில் போடும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு நான் வாடிக்கையாளர் இல்லை, அதனால் என் கோபம் அதற்குக் கவலை இல்லை. நம் நிறுவனமோ, "அது அவர்கள் போட்ட விலை" என்று கையை விரித்துவிடும். ஒரு நாட்டின் கட்டுப்பாட்டு ஆணையம் தன் நாட்டு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்த முடியும். வழிப்போக்கனுக்குப் பேச யாரும் இல்லை.

வரலாற்று மாணவர்களுக்கு இது புதிதல்ல. வணிகன் ஊர் எல்லை கடக்கும் இடமெல்லாம் சுங்கச் சாவடி இருந்தது. முதலாம் குலோத்துங்கனுக்கு வெற்றிகளால் வந்த பெயர்களைவிட நிலைத்து நிற்பது எது? 'சுங்கம் தவிர்த்த சோழன்'. சுங்கத்தை வசூலிக்கிறவன் தானாக அதை விடுவதில்லை. மேலே இருக்கும் ஒருவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் அதைச் சொன்னவர் விவியான் ரெடிங். லக்சம்பர்க் நாட்டுக்காரர், முன்னாள் பத்திரிகையாளர், அப்போது ஐரோப்பிய ஆணையத்தில் தகவல் தொடர்புக்குப் பொறுப்பானவர். லக்சம்பர்க் சின்னஞ்சிறு நாடு. தலைநகரிலிருந்து காரில் கிளம்பினால் சீக்கிரமே பக்கத்து நாடு வந்துவிடும். ரோமிங் கட்டணத்தின் வலி அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

2007 ஜூன் 30 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டிலிருந்து பேசினால் நிமிடத்துக்கு வரி நீங்கலாக அதிகபட்சம் 49 சென்ட், அழைப்பை எடுத்தால் 24 சென்ட். நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று போடும் மொத்த விலைக்கும் 30 சென்ட் என்று வரம்பு. ஆண்டுதோறும் இவை குறைய வேண்டும். நான் ரயிலில் உட்கார்ந்திருந்த 2010 ஆகஸ்டில் அவை 39, 15 சென்ட்டுகளாக இறங்கியிருந்தன. அதே ஆண்டில் இன்னொரு பாதுகாப்பும் வந்தது. வெளிநாட்டில் இணையம் பயன்படுத்தி மாதம் 50 யூரோவைத் தொட்டால், வாடிக்கையாளர் சரி என்று சொல்லும்வரை இணைப்பை நிறுத்த வேண்டும். தெரியாமல் பயன்படுத்திவிட்டு ஆயிரக்கணக்கில் பில் வந்து அதிர்ந்துபோனவர்களுக்காக வந்த விதி அது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. வோடஃபோன் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சில்லறை விலையில் தலையிட ஒன்றியத்துக்கு அதிகாரம் இல்லை என்பது வாதம். 2010 ஜூன் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. என் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னால்!

அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கிரீஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளுக்குக் கோடையில் கூட்டம் கூட்டமாக வடநாட்டார் வருகிறார்கள். அந்தக் கூட்டத்துக்காகக் கோபுரம் கட்டுகிறவன் அந்த ஊர்க்காரன். மொத்த விலையை ரொம்பக் குறைத்தால் செலவு அவன் தலையில் விழும். விலை மலிவான நாட்டில் சிம் வாங்கி, விலை அதிகமான நாட்டில் நிரந்தரமாகப் பயன்படுத்துகிறவர்களும் கிளம்புவார்கள். இவற்றுக்கு வழி கண்டுபிடிக்கத்தான் பத்தாண்டு ஆயிற்று. பயணிக்கு மட்டும் சலுகை, நிரந்தரமாக வேறு நாட்டில் வாழ்கிறவருக்கு இல்லை என்ற நியாயமான பயன்பாட்டு விதி வந்தது. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் சொந்த ஊர்க் கட்டணமே. 2022இல் இந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டித்தார்கள்.

இப்போது ஒரு கணக்கு. 2012இல் ரோமிங் இணையத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்சவிலை ஒரு எம்பிக்கு 70 சென்ட். அதாவது ஒரு ஜிபிக்குச் சுமார் 700 யூரோ. அதுவே பெரிய குறைப்பு என்று கொண்டாடினார்கள்! நிறுவனங்களுக்கு இடையிலான மொத்த விலை வரம்போ 2017இல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ, 2025இல் 1.30 யூரோ, 2027இல் 1 யூரோ. ஒன்று சில்லறை விலை, மற்றது மொத்த விலை. தொழில்நுட்பமும் இடையில் வளர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி வாயடைக்க வைக்கிறது.

சட்டம் இல்லாமலே இது நடக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஆப்பிரிக்காவில் நடந்தது. 2006 செப்டம்பரில், ஐரோப்பியச் சட்டத்துக்கும் முன்பே, செல்டெல் என்ற நிறுவனம் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளிலும் தன் வாடிக்கையாளர்களுக்கு ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டது. எல்லை தாண்டினாலும் உள்ளூர் விலை, வரும் அழைப்பு இலவசம். எப்படி முடிந்தது? மூன்று நாட்டிலும் வலையமைப்பு அவர்களுடையதே. ரசீது போடுகிறவனும் கட்டுகிறவனும் ஒரே ஆள். அந்த ஆப்பிரிக்கத் தொழில்தான் பின்னர் ஸைன் என்று பெயர் மாறி, 2010இல் நம் பாரதி ஏர்டெல் கைக்கு வந்தது.

நம் நாட்டுக் கதையும் இதே மாதிரிதான். ஓசூர் தாண்டி பெங்களூருக்குள் நுழைந்ததும் போனில் ரோமிங் என்று எழுத்து வருமே, உடனே எல்லாரும் போனை அணைப்போமே, நினைவிருக்கிறதா? 2015 ஜூன் 15 அன்று பிஎஸ்என்எல் நாடு முழுக்க ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பேத்தி ஒன்று கேட்டாள். "அப்போ இனிமே ஏறாதா சின்னத் தாத்தா?" நல்ல கேள்வி. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், 2021 முதல் அந்த நாட்டு நிறுவனங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. கட்டணம் போட மாட்டோம் என்று சொன்னவர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் மறுபடி போட்டார்கள். கோபுரமும் கேபிளும் அப்படியே இருந்தன. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, பயணம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கும் சிம், ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனிலும் உள்ளூர் விலையில் வேலை செய்யும். இணைய அளவுக்கு வரம்பு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சிம் வாங்கப் பல நாடுகளில் பாஸ்போர்ட் கேட்பார்கள். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, அங்கே தனியாக விசாரிக்காமல் டேட்டாவை ஆன் செய்ய வேண்டாம். விமானத்திலும் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் சேவைக்கு இந்த விலை வரம்புகள் இல்லை, அதனால் ஏறியதும் பிளைட் மோடு. பயணிகளுக்கான இ-சிம் பலவற்றில் இணையம் மட்டும்தான், பேச எண் வராது. வங்கி ஓடிபிக்காக நம்மூர் சிம்மையும் போனில் வைத்திருங்கள், ஆனால் அதில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ரோமிங் பேக் விலையைக் கிளம்புவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு அண்ணன் பேத்தியிடம், "அங்க போய் நான் கூப்பிட்டா நீயாவது எடுப்பியா?" என்றார்.

"நீங்க மிஸ்டு கால் குடுங்க தாத்தா, நானே கூப்பிடறேன்" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டார். பதினைந்து வருஷத்துப் பாரம் எனக்கும் கொஞ்சம் இறங்கியது.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களே, காசுக்குப் பயந்து எடுக்காமல் விட்ட அழைப்பு உங்களிடமும் ஒன்று இருக்கும். கீழே எழுதுங்கள். அதற்கு முன்னால், அன்று கூப்பிட்டவர் இன்றைக்கும் இருக்கிறார் என்றால் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்