திருமணப் பந்தலில் உடையும் குவளை

யூதத் திருமணச் சடங்கின் நிறைவில், துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குவளையை மணமகன் தம் காலால் மிதித்து உடைப்பது வழக்கம். உடையும் ஓசை கேட்டதும் கூடியிருப்போர் 'மாசெல் தோவ்' என்று உரக்க வாழ்த்துவர். பாட்டும் நடனமும் தொடங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மகிழ்ச்சியின் ஆரவாரமாகவே தோன்றும். ஆனால் இச்சடங்கு பிறந்தது மகிழ்ச்சியைக் கூட்டுவதற்காக அல்ல, அதற்கு ஓர் அளவு வைப்பதற்காக.

பந்தலின் கீழ் நடப்பவை

நான்கு கம்புகள் தாங்கும் துணிப் பந்தலின் கீழ் மணமக்கள் நிற்பர். இதற்கு 'ஹூப்பா' என்று பெயர். மணமகன் மணமகளுக்கு மோதிரம் அணிவிப்பார். 'கெத்துபா' எனப்படும் திருமண ஒப்பந்தம் வாசிக்கப்படும். திராட்சை இரசக் கிண்ணத்தை ஏந்தி ஏழு ஆசியுரைகள் சொல்லப்படும். தோபித்து நூலின் 7ஆம் அதிகாரத்தில் இரகுவேல் தம் மகள் சாராவைத் தோபியாவுக்குக் கொடுக்கும்போது திருமண ஒப்பந்தம் எழுதியதை நாம் வாசித்திருக்கிறோம். எழுத்தால் திருமணத்தை உறுதிசெய்வது இம்மக்களிடையே அவ்வளவு பழமையானது.

விலையுயர்ந்த ஒரு கிண்ணம்

குவளை உடைக்கும் வழக்கத்தின் வேரைப் பாபிலோனியத் தல்மூதில் காண்கிறோம். இரவினாவின் மகனான மார் என்னும் யூத அறிஞர் தம் மகனுக்குத் திருமணம் செய்துவைத்தார். வந்திருந்த இரபிகள் அளவுமீறிக் களித்திருப்பதைக் கண்டார். 400 சூஸ் மதிப்புள்ள கிண்ணம் ஒன்றைக் கொண்டுவரச் செய்து, அவர்கள் கண்முன்னே உடைத்தார். கூட்டத்தில் துயரம் பரவியது. இரபி ஆஷியும் தம் மகனின் திருமணத்தில் வெண்கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை இவ்வாறே உடைத்தார் என்று அதே பகுதி கூறுகிறது.

400 சூஸ் என்பது எவ்வளவு? முதன்முறை மணம் புரியும் பெண்ணுக்குக் கெத்துபாவில் உறுதியளிக்க வேண்டிய தொகையாக மிஷ்னா குறிப்பிடுவது 200 சூஸ். அதாவது, ஒரு பெண்ணின் வாழ்வுக்குப் பாதுகாப்பாக எழுதப்படும் தொகையைப்போல் இருமடங்கு மதிப்புள்ள பொருளை அவர் உடைத்தார். இழப்பு உண்மையான இழப்பாக இருந்ததால்தான் கூட்டம் அமைதியடைந்தது.

எருசலேமின் நினைவு

தல்மூதின் இந்த நிகழ்ச்சியில் எருசலேம் ஆலயம் குறிப்பிடப்படவில்லை. கி.பி. 70இல் உரோமையர் அழித்த ஆலயத்தின் நினைவாகவே குவளை உடைக்கப்படுகிறது என்னும் விளக்கம் பிற்காலத்தில் வேரூன்றியது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த இரபி மோசே இசர்லெஸ், ஆலய அழிவுக்காகத் துக்கம் காக்கும் விதிகளோடு சேர்த்தே இவ்வழக்கத்தைக் குறிப்பிட்டார். உடைக்கும் முன்பு, எருசலேமை மறவோம் என நாடுகடத்தப்பட்டோர் உறுதியெடுக்கும் 137ஆம் திருப்பாடலின் அடிகளை மணமகன் சொல்வதும் பல இடங்களில் உண்டு.

ஆலயம் அழிந்தபின் சிலர் இறைச்சியும் திராட்சை இரசமும் வேண்டாம் என்று ஒதுக்கினர். அவர்களிடம் இரபி யோசுவா, துக்கமே கொண்டாடாமல் இருக்கவும் முடியாது, தாங்கமுடியாத அளவுக்குத் துக்கம் காக்கவும் கூடாது என்றார். எனவே அறிஞர்கள் நடுவழி ஒன்றைக் காட்டினர். வீட்டுக்குச் சாந்து பூசலாம், ஆனால் சிறிதளவு இடத்தைப் பூசாமல் விடவேண்டும். விருந்து சமைக்கலாம், ஆனால் ஏதாவதொன்றைக் குறைக்கவேண்டும். பெண் அணிகலன்கள் அணியலாம், ஆனால் ஒன்றை விட்டுவிடவேண்டும். மணமகனின் தலையில் சிறிது சாம்பல் இடுவதும் இவற்றோடு சேர்ந்ததே.

சந்தைக்கு வந்த சடங்கு

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. நல்ல ஓசை வரவேண்டும் என்பதற்காகக் குவளைக்குப் பதிலாக மின்விளக்குக் குமிழை உடைப்பவர்கள் உண்டு. மிதிப்பதற்கென்றே செய்யப்பட்ட வண்ணக் கண்ணாடிகள் வெல்வெட் பைகளில் விற்கப்படுகின்றன. உடைந்த துண்டுகளைச் சேகரித்து அனுப்பினால், அவற்றைப் பதித்து மெழுகுவர்த்தித் தண்டு, திராட்சை இரசக் கிண்ணம், கதவு நிலையில் பொருத்தும் மெசூசா உறை ஆகியவற்றைச் செய்து தரும் நிறுவனங்கள் அமெரிக்காவிலும் இஸ்ரயேலிலும் இருக்கின்றன. திருமணப் பரிசாகவும் இவை வழங்கப்படுகின்றன.

இதை முற்றிலும் தவறு என்று சொல்லிவிட முடியாது. அந்தத் துண்டுகள் பதித்த மெசூசாவைக் கடந்து தினமும் வீட்டுக்குள் நுழையும் தம்பதியர் தங்கள் வாக்குறுதியை நினைக்கக்கூடும். ஆனாலும் ஒரு மாற்றத்தை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. அன்று விலையுயர்ந்த பொருள் உடைந்து இழப்பாகவே நின்றது. இன்று உடைவதற்கென்றே ஒரு பொருள் வாங்கப்படுகிறது, உடைந்த துண்டும் மீண்டும் விலைபொருளாகிறது. இழப்பை நினைவூட்ட வந்த சடங்கில் இழப்புக்கு இடமில்லாமல் போகிறது.

இந்தக் கவலை யூதத் தலைவர்களிடமே எழுந்தது. 1973 முதல் 1983 வரை இஸ்ரயேலின் செபார்திய தலைமை இரபியாக இருந்த ஒவாதியா யோசேப்பு, குவளை உடையும் நேரத்தில் மக்கள் சிரித்து ஆரவாரிப்பதைக் கண்டித்தார். ஆலயத்துக்காக வருந்தவேண்டிய நேரம் கேளிக்கையாகிவிட்டதால், இவ்வழக்கத்தையே நிறுத்திவிடுவது தகும் என்னும் அளவுக்கு அவர் எழுதினார்.

ஏழைக்கு வெட்கம் வராதபடி

யூத மரபு செலவைப் பற்றியும் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறது. ஆண்டில் இரு நாள்கள் எருசலேமின் இளம்பெண்கள் வெண்ணாடை அணிந்து திராட்சைத் தோட்டங்களில் நடனமாடுவர் என்கிறது மிஷ்னா. எல்லாரும் இரவல் ஆடையே அணியவேண்டும். ஆடை இல்லாதவள் வெட்கப்படக்கூடாது என்பதே காரணம். அடக்கச் செலவு சாவைவிடப் பெரும் சுமையாகி, உறவினர்கள் உடலை விட்டுவிட்டு ஓடும் நிலை வந்தபோது, செல்வாக்குமிக்க இரபன் கமாலியேல் தம்மை எளிய நார்ப்பட்டு ஆடையிலேயே அடக்கம் செய்யச் சொன்னார். மக்களும் அவரைப் பின்பற்றினர். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பழமைபேண் யூதத் தலைவர்கள் சிலர், திருமண விருந்துக்கு 400 பேருக்கு மேல் அழைக்கவேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டதும் இதே அக்கறையால்தான்.

சிந்தனைக்கு

நம் ஆண்டவரும் எருசலேமைப் பார்த்துக் கண்ணீர்விட்டவர் (லூக் 19:41). கானா ஊர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்தபோது, அந்த எளிய வீட்டாரை வெட்கத்திலிருந்து காத்தவரும் அவரே. ஆகவே இச்சடங்கு எழுப்பும் கேள்விகள் நமக்கும் அந்நியமானவை அல்ல. திருமணத்துக்காக நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். இது எதை நினைவூட்டுகிறது? பங்கிலுள்ள மிக ஏழைக் குடும்பமும் வெட்கமின்றி இதைச் செய்ய இயலுமா? இவ்விரண்டுக்கும் பதில் இல்லையென்றால், விருந்தில் ஒன்றைக் குறைத்து, அணிகலனில் ஒன்றை விட்ட அந்தப் பழைய மக்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.