கோடும் உறவும்: பொறியியல் வரைகலையில் கணினி மாற்றியதும் மாற்றாததும்

1760களில் பிரான்சின் மெசியேர் நகரிலிருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் காஸ்பார் மோஞ்சு என்ற இளைஞர் வரைவாளராக வேலை பார்த்தார். சிறு வணிகரின் மகன் என்பதால் அதிகாரிகளுக்கான வகுப்பில் அவருக்கு இடமில்லை. எதிரியின் பீரங்கிக்கு உள்ளிருப்பவர்கள் இலக்காகாதபடி கோட்டைச் சுவர்களை அமைக்கும் கணக்கு ஒருநாள் அவரிடம் வந்தது. பக்கம் பக்கமாக எண்கணக்கு போட்டு விடை காண்பதே அன்றைய வழக்கம். மோஞ்சு வடிவியலைக் கொண்டு விரைவில் முடித்துவிட்டார். இத்தனை சீக்கிரம் முடிந்திருக்க முடியாது என்று மேலதிகாரி முதலில் விடையைப் பார்க்கவே மறுத்தார். பார்த்தபின் அந்த முறை ராணுவ ரகசியமாயிற்று. 1795இல் பாரிசில் மோஞ்சு ஆற்றிய விரிவுரைகளில்தான் அது வெளியுலகுக்கு வந்தது.

அந்த முறையின் சாரம் எளிது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் பொருளின் வீழலை (புரொஜெக்‌ஷனை) எடுக்க வேண்டும். மேல்தோற்றம் நீளத்தையும் அகலத்தையும் சொல்லும். முன்தோற்றம் நீளத்தையும் உயரத்தையும் சொல்லும். இரண்டுக்கும் பொதுவான நீளமே அவற்றைப் பிணைக்கிறது. அந்தப் பிணைப்பு இல்லையென்றால் தாளில் இருப்பவை தொடர்பில்லாத இரண்டு படங்கள்.

பொறியியல் வரைபடத்தின் அடிப்படை இத்தகைய உறவுகளே என்பதும், கணினி வந்தபின்னும் அவற்றை நிர்ணயிக்கும் பொறுப்பு வடிவமைப்பாளரிடமே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். கேட் எனப்படும் கணினிவழி வடிவமைப்புப் பாடத்தை வெறும் கட்டளைப் பட்டியலாக நடத்துவது இந்த அடிப்படையைத் தவறவிடுகிறது.

கணினி வரைகலையின் தொடக்கமே இதற்குச் சான்று. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் தம் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோணல்மாணலாக ஓர் அறுகோணத்தை வரையலாம். முனைகள் வட்டத்தின்மேல் அமைய வேண்டும், பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தால் நிரல் அதை ஒழுங்கான அறுகோணமாக்கிவிடும். மூலப்படத்தைத் திருத்தினால் அதன் நகல்கள் எல்லாம் தாமாகவே மாறும். சதர்லாண்ட் கணினிக்குக் கொடுத்தது உறவுகளை.

ஆனால் 1982இல் தனிநபர் கணினிக்கு வந்த ஆட்டோகேட், வரைபலகையையும் டிராஃப்டர் என்ற வரைகருவியையும் திரைக்குள் கொண்டுவந்தது. அழிப்பது சுலபமாயிற்று, நகலெடுப்பது நொடி வேலையாயிற்று. கோடு கோடாகவே இருந்தது. மலிவான கணினியில் ஓடியதால் சிறு பட்டறை வரைக்கும் அது பரவியது உண்மைதான். உறவுகளை நினைவில் வைக்கும் சிந்தனை சந்தையில் வலுவாகத் திரும்பியது, 1980களின் இறுதியில் புரோ/இன்ஜினியர் மென்பொருள் வந்தபிறகே. அதில் ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த வடிவங்கள் அனைத்தும் புதிதாகக் கணக்கிடப்படும்.

முப்பரிமாண மாதிரி நேரே இயந்திரத்துக்குப் போகும்போது வரைபடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதில் டாலரன்ஸில், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாட்டில் இருக்கிறது. திரையில் 25 மில்லிமீட்டர் துளை துல்லியமாக 25 மில்லிமீட்டர்தான். லேத்தில் அப்படி ஒரு துளை வராது. எளிதாகச் சுழலும் ஒரு வகைப் பொருத்தத்துக்கு, சர்வதேசத் தர அட்டவணை துளைக்கு 25.000 முதல் 25.021 வரையும், தண்டுக்கு 24.980 முதல் 24.993 வரையும் இடம் கொடுக்கிறது. இடைவெளி குறைந்தது 7 மைக்ரான், அதிகபட்சம் 41 மைக்ரான். தண்டு சுழல வேண்டுமா, இறுகி நிற்க வேண்டுமா என்பதை வடிவம் மட்டும் சொல்லாது. யாரோ ஒருவர் முடிவுசெய்து எழுத வேண்டும். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஏஎஸ்எம்இ ஒய்14.41 தரநிலை, டாலரன்ஸை முப்பரிமாண மாதிரியின்மேலேயே குறிக்க விதிமுறை வகுத்தது. தாள் போனாலும் அந்தக் குறிப்பு போகவில்லை.

உறவு அறுந்தால் என்னாகும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 விமானம் பெரிய உதாரணம். ஹாம்பர்க் பொறியாளர்கள் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், துலூஸ் பொறியாளர்கள் ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்தார்கள். ஒரு விமானத்துக்குச் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி. இரு பதிப்புகளின் தரவும் ஒத்துப்போகாததால், தயாராகி வந்த கம்பிக்கட்டுகள் உரிய இடத்தில் பொருந்தவில்லை. முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் வாடிக்கையாளர் கைக்குப் போனது.

சின்ன அளவிலும் இதே கதைதான். இந்தியத் தரநிலைகள் முதற்கோண வீழலைப் பின்பற்றுகின்றன. அமெரிக்கா மூன்றாம் கோண வீழலை. முன்னதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், பின்னதில் மேலே. எந்த முறை என்று காட்டும், மூலையிலுள்ள கூம்புக் குறியீட்டைக் கவனிக்காமல் படத்தைப் படித்தால் இடப்பக்கத்து உறுப்பு வலப்பக்கத்து உறுப்பாகிவிடும். மென்பொருள் ஒரு சொடுக்கில் இரு முறையிலும் தோற்றங்களை அடுக்கித் தரும். அதைப் படிப்பவருக்கு எது எதென்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பாடத்திட்டம் பென்சிலா மௌஸா என்று தடுமாற வேண்டியதில்லை. தேர்விலும் பெரிய ஏற்பாடு வேண்டாம். நடுவில் ஒரு துளையுள்ள 40 மில்லிமீட்டர் தட்டை மாணவர் கணினியில் உருவாக்கட்டும். பிறகு ஆசிரியர் நீளத்தை 60 ஆக்கட்டும். துளை புதிய நடுவுக்கு நகர்கிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தே மதிப்பெண் போட்டுவிடலாம்.