கைரேகை கொடுக்க மாட்டோம் என்றவர்கள்

"ஸ்டேட்மென்ட்டில் ஏதோ பெயர் போட்டு மாதாமாதம் பணம் போகிறது, என்னன்னே தெரியலை." வங்கி வேலை என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில்கூட இந்தக் கேள்வி வரும் :-) எனக்கு உடனே நினைவுக்கு வருவது எங்கள் ஊர் கோலார் தங்கவயலில் 1930-ல் நடந்த ஒரு வேலைநிறுத்தம்.

அப்போது சுரங்கங்களை நடத்தியது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், அதிலும் ஆதிதிராவிடர்கள். நம்மைப் போலவே பிழைக்க ஊர் விட்டு வந்தவர்கள். அங்கீகாரம் பெற்ற சங்கம் எதுவும் அன்று இல்லை. எல்லாரும் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்ததும் வேலையை நிறுத்தினார்கள். ஏறக்குறைய மூன்று வாரம். கடைசியில் விட்டுக்கொடுத்தது நிர்வாகம்தான்.

படிக்காத ஜனங்கள் மிரண்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிப் படவில்லை. கைரேகை என்றால் அன்றைக்குக் குற்றவாளிப் பட்டியல். அதை எதற்கு எடுக்கிறாய், யாரிடம் வைப்பாய், நாளைக்கு எனக்கு எதிராக எப்படித் திருப்புவாய்? இதெல்லாம் தெரியாமல் ரேகை தரமாட்டேன் என்பது சரியான நிலைதானே.

இன்று பட்டம் வாங்கிய நாம் என்ன செய்கிறோம்? "7 நாள் இலவசம்" என்று போனில் வந்தால் விரலை வைத்து அழுத்திவிடுகிறோம். எட்டாம் நாள் பணம் போகிறது. அதுவும் ஸ்டேட்மென்ட்டில் ஆப்பின் பெயரில் வராது. "ஆப்பிள்.காம்/பில்" என்றோ "கூகுள்" என்றோ, கேள்விப்படாத ஏதோ கம்பெனியின் பெயரிலோ வரும். திருட்டு என்று பதறுவதற்கு முன்னால், அதே தொகைக்கு ரசீது வந்திருக்கிறதா என்று ஈமெயிலில் தேடுங்கள். வீட்டில் பிள்ளைகளையும் கேளுங்கள். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு நாள் கணக்கு முக்கியம். அமெரிக்காவில் கிரெடிட் கார்டு என்றால், 1974-ஆம் வருஷச் சட்டப்படி ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் ஒரு விதியைக் கட்டாயமாக்கியது. கார்டில் தானாகப் போகும் சந்தாவுக்கு, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். நல்ல விதி. ஆனால் ஊரில் அப்பா அம்மா கணக்கில் பழைய போன் நம்பர் கிடந்தால் அந்தத் தகவல் யாருக்குப் போகும்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

அப்புறம், ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கார்டை மாற்றினால்கூடப் பல நாடுகளில் புது நம்பர் தானாகவே வியாபாரிக்குப் போய்ச் சேரும். போனில் அந்த ஸ்டோருக்குள் "சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" என்ற பக்கம் இருக்கிறது. அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும்.