தையலில்லா அங்கி: கண்ணமங்கலத்து நெசவிலிருந்து சிலுவையை வாசித்தல்

சிலுவையடியில் இயேசுவின் ஆடைகள் பங்கிடப்பட்டதை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. யோவான் மட்டும் (19:23-24) நெசவு பற்றி ஒரு செய்தி தருகிறார்: அந்த அங்கியில் தையல் இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு. கிழித்தால் வீணாகும் என்று போர்வீரர்கள் அதற்குச் சீட்டுப் போட்டார்கள். தண்டிக்கப்பட்டவனின் உடைமை தண்டனையை நிறைவேற்றியவர்களுக்குச் சேரும் என்பது உரோமை வழக்கம்.

இந்த அங்கிக்குப் பழைய விளக்கங்கள் உண்டு. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 251ஆம் ஆண்டளவில் அதில் திருச்சபையின் ஒருமையைக் கண்டார். தலைமைக் குருவின் அங்கி தையலற்றது என்று யோசேபஸ் எழுதியிருப்பதால், இயேசுவின் குருத்துவத்தை அதில் காண்போரும் உண்டு. இரண்டு விளக்கங்களும் அணிந்தவரையே பார்க்கின்றன. நெய்த கையைப் பார்க்கவில்லை. வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள கண்ணமங்கலம் போன்ற நெசவூரில் அந்தக் கையைப் பார்க்காமல் இப்பகுதியை வாசிப்பது கடினம்.

குழித்தறியில் கால்களைக் குழிக்குள் விட்டு அமர்ந்து நெய்கிறார்கள். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். தறி நின்றால் கூலியும் நிற்கும். பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் முதலாளி தருபவை, நெசவாளிக்குச் சேலைக் கணக்கில் கூலி. முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை வேறிடம் போவது எளிதன்று. தாரில் நூல் சுற்றும் மனைவியின் உழைப்புக்குத் தனிக் கணக்கே இல்லை. சேலை உள்ளிட்ட சில இரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. ஆனாலும் விசைத்தறிப் புடவை கைத்தறியின் பெயரில் விலைபோவது நின்றபாடில்லை. நெய்தவர் உடுத்தாத பட்டு வேறொருவர் வீட்டு முகூர்த்தத்துக்குப் போகிறது.

இந்த வாழ்வைப் பார்த்து, ‘அவரவர் சிலுவையை அவரவர் சுமக்க வேண்டும்’ என்று சொல்வது நம் சபைகளில் எளிதாகிவிட்டது. தலையெழுத்து என்று அண்டை வீட்டார் சொல்வதையே நாம் சிலுவை என்று சொல்லி வருகிறோம். இது நற்செய்திக்கு எதிரானது என்பதே என் வாதம். தலையெழுத்து எந்த மனிதக் கையையும் காட்டாது; சிலுவை காட்டும். பிலாத்து தீர்ப்பளித்தான், ஆலயத் தலைவர்கள் ஒப்படைத்தார்கள், கூட்டம் கூவியது, வீரர்கள் ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு கையையும் நற்செய்தியாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். ஆகவே துன்பத்துக்குப் பின்னாலுள்ள கைகளை மறைத்துவிட்டு அதைச் சிலுவை என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.

மாற்கு நற்செய்தியில் சிலுவை சுமத்தல் இரண்டு விதமாக வருகிறது. 8:34இல் சீடன் தானே முன்வந்து எடுப்பது. அதை மறுக்கவும் அவனால் முடியும். 15:21இல் வயல்வெளியிலிருந்து வந்த சிரேனே ஊர்ச் சீமோனைப் பிடித்துச் சுமக்கவைக்கிறார்கள். கடனில் சிக்கிய நெசவாளியின் நிலை சீமோனுடையது. அவரிடம் போய்ச் சீடனுக்குரிய வசனத்தைப் பிரசங்கிப்பது, வற்புறுத்திய படைவீரனின் பக்கம் நின்று பேசுவதாகும்.

கண்ணமங்கலம் நெசவாளிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லாத ஊர். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் கிராமங்களில் வளர்ந்ததும் பெரும்பாலும் சேரிகளில்தான். அப்படியிருக்க, தறியிலிருந்து வாசிப்பது யாருக்காக என்று கேட்கலாம். பிறருக்குக் கூலிக்காரராயிருந்த துன்பத்தைச் சேரிச் சபை உடம்பால் அறியும்; நெசவுத் தெருவின் துன்பத்தை வாசிக்க அதைவிடத் தகுதியானவர் யார்?

இந்த வாசிப்புக்குத் தமிழகத்திலேயே முன்னோடிகள் உண்டு. ‘சிலுவையும் இந்தியச் சிந்தனையும்’ என்ற பொருளில் 1932இல் ஆங்கில நூல் எழுதிய வெங்கல் சக்கரை, சென்னைத் தொழிற்சங்க இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். சிலுவை பற்றிய இறையியலும் ஆலைத் தொழிலாளரின் கூலிப் போராட்டமும் ஒரே வாழ்வில் சேர்ந்திருந்தன என்பதை நம் இறையியல் வகுப்புகள் போதுமான அளவு சிந்திக்கவில்லை. பின்னர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அரவிந்த் நிர்மல், கைவிடப்பட்ட கிறிஸ்துவில் தலித்தின் முகத்தைக் கண்டார். அவருடைய பார்வை துன்பத்தோடு ஒன்றிவிடுகிறது, எதிர்ப்புக்கு இடம் குறைகிறது என்ற விமரிசனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அடையாளம் காட்டப்பட்ட கைகளைச் சேர்த்து வாசித்தால் அந்தக் குறை பெருமளவு நீங்கும்: உடன் துன்புறும் கடவுள், துன்புறுத்தியவனின் தீர்ப்பை உயிர்ப்பால் தள்ளுபடி செய்த கடவுளும் ஆகிறார்.

என் வாதம் தொடாத துன்பமும் உண்டு. புற்றுநோயில் போகும் தாய்க்கும், பிறந்ததும் இறந்த பிள்ளைக்கும் குற்றம்சாட்ட ஒரு கையும் இல்லை. அங்கே கைகளைத் தேடுவது கொடுமை. இறைவன் அனுப்பிய சோதனை என்பது அதைவிடக் கொடுமை. அந்த வீட்டில் பொருந்துவது 22ஆம் சங்கீதத்திலிருந்து இயேசு சிலுவையில் எடுத்த ‘ஏன் கைவிட்டீர்’ என்ற கேள்வி மட்டுமே. மாற்கு அந்தக் கேள்விக்குப் பதில் எதையும் எழுதவில்லை. சிலுவையை வைத்து எல்லாத் துன்பத்துக்கும் விளக்கம் சொல்லும் பிரசங்கம், மாற்கு விட்டுவைத்த இடத்தை இட்டு நிரப்புகிறது. தவக்காலச் சிலுவைப்பாதையில் பத்தாம் நிலை ஆடை களைதல், ஐந்தாம் நிலை சீமோன். இந்த இரண்டிலும் கூலியையும் கட்டாயத்தையும் பேசி, கைவிடப்பட்டவரின் கதறலுக்கு விளக்கம் சொல்லாமல் விடும் வழிபாட்டு முறை ஒன்று கண்ணமங்கலத்துச் சபைகளிலேயே உருவாக்கப்பட வேண்டும்.