பழைய ஜீப்புக்கு எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்... மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டுப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது, உங்க பழைய ஜீப்போட டெம்பரேச்சர் முள் ஏறுதா? பெல்ட்டில் ஓடும் ஃபேன், இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். எலெக்ட்ரிக் ஃபேன், ஐடிலிங்கிலும் முழு வேகத்தில் சுற்றும்.

ஆனா, ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் கசிவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப்... இதையெல்லாம் முதலில் செக் பண்ணுங்க. அதில் கோளாறுன்னா புது ஃபேன் போட்டும் பிரயோஜனம் இல்லை.

எதை வாங்கணும்?

ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் 'புல்லர்' வகைதான் பெஸ்ட். இடம் இல்லைன்னா மட்டும் முன்னால் மாட்டும் 'புஷ்ஷர்'. ரேடியேட்டரைப் பெரும்பாலும் மூடும் அளவில், சுற்றிலும் கவர் உள்ளதா வாங்குங்க. வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா, ஃபேன் இழுக்கும் கரன்ட்டை ஆல்டர்னேட்டர் தாங்குமான்னும் பாருங்க.

எப்படி மாட்டணும்?

டேஷ்போர்டு ஸ்விட்ச்சில் நேரடியா இணைக்காதீங்க. வயர் உருகி தீப்பிடிக்கலாம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், அடுத்து ரிலே, அதை இயக்க தெர்மோ ஸ்விட்ச். ஃபேனை ரேடியேட்டர் துடுப்புகளில் டை போட்டுக் கட்டாம, பிராக்கெட்டில் போல்ட் போடுங்க.

ஃபேன் ஓடும்போது ரேடியேட்டர் முன்னால் ஒரு பேப்பரைப் பிடிங்க. ஒட்டினால் சரி, தள்ளினால் வயர் மாறியிருக்கு.

கடைசியா ஒண்ணு: இன்ஜினை ஆஃப் பண்ணின பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீர்னு சுற்றும். கையை விடாதீங்க. சூட்டோடு ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீங்க, முகமே வெந்துடும்!