மூடியிருந்த கதவும் இல்லாத கதவும்



எங்கள் பள்ளிக் கட்டடத்தில் நடைவழிக்கும் படிக்கட்டுக்கும் நடுவே கனமான கதவு ஒன்று உண்டு. 'தீத்தடுப்புக் கதவு, எப்போதும் மூடி வைக்கவும்' என்று மலாய் மொழியில் எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். அவ்வெழுத்துக்கு நேர் கீழே, கதவு மூடாதபடி ஒரு செங்கல் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவன் வேறு யாருமல்லன், நான்தான். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் விரல் அக்கதவில் நசுங்கிய மறுநாள் வைத்தேன். பெற்றோர் நன்றி கூறினர். நடைவழிக்குக் காற்றும் வந்தது. நல்லது செய்தோம் என்றே பல காலம் எண்ணியிருந்தேன்.

ஒருநாள் தீப்பயிற்சிக்காகத் தீயணைப்பு மீட்புத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். செங்கல்லைக் காலால் மெல்ல நகர்த்தினார். கதவு தானாக நகர்ந்து வந்து, ஒரு சாண் இடைவெளி விட்டு அப்படியே நின்றுவிட்டது. "சிக்கு, இது எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவரும் அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. அந்த ஒரு கேள்வி உறுத்தியதால் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். தப்பிக்கும் வாயிற்கதவு வேறு, தீத்தடுப்புக் கதவு வேறு. முன்னது உள்ளிருப்போர் தள்ளியவுடன் திறக்க வேண்டும். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சிகாகோவின் இரோகுவா நாடக அரங்கில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டதற்குப் பூட்டிய கதவுகளும் திறக்கத் தெரியாத தாழ்ப்பாள்களும் பெருங்காரணம். தீத்தடுப்புக் கதவோ நாம் கடந்து சென்றதும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். திறக்க மறுக்கும் கதவைக் கண்டால் எல்லாரும் சினம் கொள்வர். மூட மறுக்கும் கதவை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இக்கதவின் வரலாறு பஞ்சாலைகளோடு பின்னிப் பிணைந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிப் பருத்தி ஆலைகளில் தீ அடிக்கடி வரும் விருந்தாளி. வெறும் இரும்புக் கதவு சூட்டில் வளைந்து நிலையை விட்டு விலகிவிடும். ஆகவே மரப்பலகைகளை அடுக்கி, அவற்றைத் தகரத் தகட்டால் முழுவதுமாகப் போர்த்தினர். உள்ளே உள்ள மரம் காற்றின்றிக் கரியாகுமே தவிர, எளிதில் கொழுந்துவிட்டு எரியாது. கரியோ வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். இக்கதவைச் சாய்வான தண்டவாளத்தில் தொங்கவிட்டு, கயிறும் எடையும் கட்டித் திறந்து வைத்திருப்பர். நடுவே எளிதில் உருகும் உலோக இணைப்பு ஒன்று இருக்கும். ஏறக்குறைய 70 பாகை செல்சியசு சூட்டில் அது உருகி அறுந்ததும் கதவு தானே சரிந்து மூடிக்கொள்ளும். பஞ்சுப் பொதிகளைக் காக்க இது போதுமானதாக இருந்தது. ஆனால் கட்டடத்துக்குள் பிள்ளைகள் இருந்தால்?

1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. சிகாகோ நகரின் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் கத்தோலிக்கப் பள்ளியில் பாடவேளை முடியச் சில நிமிடங்களே இருந்தன. வடக்குப் பகுதியின் பின்புறப் படிக்கட்டினடியில், நிலவறையில் இருந்த அட்டைக் குப்பைத்தொட்டி ஒன்றில் தீப்பிடித்தது. சிறிது நேரம் அது யார் கண்ணிலும் படாமல் புகைந்துகொண்டிருந்தது. பின்னர் சூட்டில் சன்னல் உடைந்து காற்று புகவே, மரப் படிக்கட்டு முழுவதும் புகைபோக்கி போலாயிற்று.

அப்படிக்கட்டு முதல் தளத்தை அடையும் இடத்தில் ஒரு கதவு இருந்தது. அது மூடியும் இருந்தது. தீ அங்கே நுழைய முடியாமல் மேலே ஏறியது. இரண்டாம் தளத்தில் கதவே இல்லை. அனற்புகை நேராக நடைவழியில் பாய்ந்தது. அந்தத் தளத்தின் வகுப்பறைகளில் 300க்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தனர். அவர்கள் வகுப்பறைக் கதவைத் திறந்தபோது வெளியே செல்லும் வழி புகையால் அடைபட்டிருந்தது. சன்னல்களிலிருந்து தரை ஏறக்குறைய 25 அடி கீழே. சன்னல் திட்டும் சிறு பிள்ளைகள் எளிதில் ஏறமுடியாத உயரம். 92 மாணவர்களும் 3 அருட்சகோதரிகளும் மாண்டனர். மாண்ட அனைவரும் இரண்டாம் தளத்தில் இருந்தவர்கள். அவர்களுக்குக் கீழே, அதே படிக்கட்டை ஒட்டிய முதல் தளத்தில் இருந்த வகுப்புகள் யாவும் உயிருடன் வெளியேறின.

ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு, ஒரே தீ. இதைப் படித்த இரவு நான் சரியாக உறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி என்னை அதைவிடவும் வருத்தியது. விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அப்பள்ளி தீயணைப்புத் துறையின் சோதனையில் தேறியிருந்தது. ஆய்வாளர் பொய் எழுதவில்லை. சிகாகோவில் 1949ஆம் ஆண்டு இயற்றிய கட்டட விதிகள் புதிய பள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தின. பழைய கட்டடமான இதற்கு விலக்கு இருந்தது. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. படிக்கட்டில்தான் கதவு இல்லை.

மறு ஆண்டு, 1959இல், லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறையினர் கைவிடப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்றில் வேண்டுமென்றே பலமுறை தீ மூட்டி அளந்து பார்த்தனர். 'பள்ளி எரிப்பு நடவடிக்கை' என்றே அதற்குப் பெயர். திறந்த படிக்கட்டு வழியாக ஏறும் புகை, வெப்பம் வந்து சேருமுன்பே நடைவழியை மனிதர் நிற்க முடியாததாக்கிவிடுகிறது என்று கண்டனர். பஞ்சாலையின் உருகும் இணைப்பு ஏன் பள்ளிக்குப் போதாது என்பதற்கு இதுவே விடை. அது அறுந்து விழுவதற்குள் பிள்ளைகள் புகையில் மூச்சடைத்துப் போவார்கள்.

நம் நாட்டில் 1984இல் இயற்றிய ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டங்களின் 164ஆம் விதியைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தீத்தடுப்புக் கதவுகள் எல்லாவற்றுக்கும் தானாக மூடும் கருவி வேண்டும் என்கிறது அது. நகரும் கதவுகளுக்குக் கயிறும் எடையும் என்று அந்தப் பழைய ஆலை முறையையே குறிப்பிடுகிறது. வெப்பத்தால் விடுபடும் கருவியிருந்தால் கதவைத் திறந்து வைக்கலாம் என்றும் அனுமதிக்கிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட நடைவழி, படிக்கட்டு ஆகியவற்றின் கதவுகளுக்கு மட்டும் அந்த அனுமதி இல்லை. அங்கே கதவு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். தீயை யாரும் அறியுமுன்பே மூடியிருக்கும் கதவுதான் காக்கும் என்பதை இவ்விதி எழுதியோர் உணர்ந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். வெப்பக் கருவிக்கே இடமில்லாத இடத்தில் நான் செங்கல் வைத்திருந்தேன்!

கதவு இருந்தால் மட்டும் போதுமா? 2017 சூன் 14ஆம் நாள் இலண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்தனர். தீ பரவியதற்கு முதற்காரணம் வெளிச்சுவரில் பதித்திருந்த பலகைகள். எனினும், பல வீடுகளின் வாயிற்கதவுகளில் தானாக மூடும் கருவி பழுதாகியோ கழற்றப்பட்டோ இருந்ததால் புகை உள்வழிகளில் பரவியது என்றும் விசாரணை ஆணையம் 2019இல் கூறியது. அதன்பின் இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள குடியிருப்புகளில் பொதுவழிக் கதவுகளை 3 மாதத்திற்கு ஒருமுறையும், வீட்டு வாயிற்கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்ற விதி 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்தது.

இச்சோதனையின் தொடக்கப் பகுதியை நாமே செய்யலாம். கதவை முழுவதும் திறந்து கையை விட்டுவிடுங்கள். பிறகு ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள். இரண்டு முறையும் தாழ் 'டக்' என்று விழ வேண்டும். இரண்டாவது சோதனையில்தான் பல கதவுகள் தோற்கின்றன. கதவுக்கும் நிலைக்கும் இடையே 3 அல்லது 4 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது. இங்கிலாந்தில் 1 பவுண்டு நாணயத்தைச் செருகிப் பார்ப்பார்களாம். விளிம்பில் பதித்துள்ள பட்டை, சூட்டில் உப்பி அந்த இடுக்கை அடைப்பதற்கானது. அதைப் பிள்ளைகள் பிய்த்து விளையாடியிருக்கக் கூடும். அதனருகே புகையைத் தடுக்க மயிர்த்தூரிகை போன்ற ஒன்று இருந்தால், அதன்மேல் சாயம் பூசிக் கெடுத்துவிடக் கூடாது. கூட்டுப்பணி நாளில் ஆர்வத்தோடு சாயம் பூச வரும் பெற்றோர்கள் இதை மனத்தில் கொள்க. கீல்களில் ஒரு திருகாணி குறைந்தாலும் கதவு தொய்ந்து தரையில் உராயும். பூட்டுக்காகத் துளைத்துப் பின் கைவிட்ட ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். பழுது நீக்குவதை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுவோம்.

எங்கள் கதவைச் சீர்செய்ய வந்தவரிடம், மாணவியின் விரல் நசுங்கிய கதையைச் சொன்னேன். அவர் ஏணியில் ஏறி, கதவின் மேலிருந்த கருவியில் ஒரு சிறு திருகாணியைக் காட்டினார். அதைச் சற்றுத் திருகினால் கதவு மெதுவாக வந்து மூடுமாம். திருகியும் காட்டினார். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. செங்கல்லைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.