குடும்ப உழைப்பின் கூலி: சாகுபடிக் கணக்கில் இடம் மாறிய ஓர் இனம்

சிறு குடியானவனின் சாகுபடியில் இலாபம் உண்டா என்ற வினாவுக்கு, பயிர்வாரியாக வரவும் செலவும் எழுதி விடை காணும் முறை, 1954-55இல் தொடங்கிய பண்ணை நிர்வாக ஆய்வுகளோடு நம் நாட்டில் உருப்பெற்றது. சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்களின் கணக்கும் அவற்றுள் அடங்கும். அந்தக் கணக்குகளைப் பரிசீலித்து அமர்த்தியா சென் 1962இல் 'எகனாமிக் வீக்லி'யில் எழுதிய கட்டுரையே இன்றளவும் இத்துறையின் பிரமாணமாக நிற்கிறது. குடும்பத்தார் உழைப்பை ஊரில் வழங்கும் கூலி விகிதத்தில் மதிப்பிட்டால் இந்திய விவசாயத்தின் பெரும்பகுதி நஷ்டமாகத் தோன்றும் என்பது அவர் கண்ட முதல் உண்மை. வேறு வேலை கிட்டாத உழைப்புக்கு அந்தக் கூலி பொருந்தாது என்பதிலிருந்தே அவர் விளக்கம் கிளைக்கிறது.

அவர் கண்ட உண்மையை நான் மறுக்கவில்லை. நஷ்டத்தின் பொறுப்பு முழுவதையும் கூலி விகிதத்தின்மேல் ஏற்றுவதையே மறுக்கிறேன். ஆதாரமாயிருந்த கணக்கின் படிகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விதை, எரு, கூலியாள், மாடு முதலிய செலவுகள் ஏ1. அதனோடு வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்த நிலத்தின் வாடகை சேர்ந்தால் ஏ2. சொந்த நிலத்துக்கு மதிப்பிட்ட வாடகையும் சொந்த மூலதனத்தின் வட்டியும் சேர்ந்தால் பி. எல்லாவற்றுக்கும் பிறகு, கடைசியாக, குடும்ப உழைப்பின் மதிப்பு சேர்ந்து சி. பி படியில் மிச்சம் நின்று சி படியில் பற்றாக்குறை தோன்றுவதைக் காண்பவர், குடும்ப உழைப்பின் விலையே நஷ்டத்துக்குக் காரணம் என்று கருதுவது இயல்பு. ஆனால் உழைப்பை முன்னே வைத்து வாடகையைக் கடைசியில் கூட்டியிருந்தால், அதே பற்றாக்குறை சொந்த நிலத்தின் கற்பித வாடகையின் தலையில் விழுந்திருக்கும். இரண்டும் கையிலிருந்து கொடுக்கப்படாத மதிப்புகளே. கடைசியில் நிற்பது பழி சுமக்கிறது.

இது வெறும் தர்க்கமன்று. பிற்காலத்தில் பி, சி என்ற படிகள் பி1, பி2, சி1, சி2 எனப் பிரிந்தன. அவற்றோடு, பழைய ஏணியில் இல்லாத 'ஏ2+எஃப்எல்' (எஃப்எல் என்பது குடும்ப உழைப்பு) என்ற பாடமும் வழக்கில் வந்தது. அதில் குடும்ப உழைப்பு வாடகையைத் தாண்டி ஏ2வுக்கு அடுத்தே ஏறிவிட, சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த மூலதனத்தின் வட்டியும் கணக்கை விட்டே போய்விட்டன. 2018-19 மத்திய பட்ஜெட் செலவின் ஒன்றரை மடங்கு குறைந்தபட்ச ஆதரவு விலை என்று அறிவித்தபோது, செலவு என்பது ஏ2+எஃப்எல்லா, வாடகையும் வட்டியும் சேர்ந்த சி2வா என்று எழுந்த விவாதம் இந்த இடமாற்றத்தைப் பற்றியதே.

ஊர்க்கூலி வீட்டு உழைப்புக்குப் பொருந்துமா என்பதைப் பார்க்க, இனி ஹைதராபாத்துக்கு அருகே, பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பெற்ற இக்ரிசாட் ஸ்தாபனத்தின் கிராம ஆய்வுகளுக்கு வருவோம். 1975 முதல் அன்றைய மகபூப்நகர் ஜில்லாவின் ஆவுரேபள்ளி, தோக்கூர் ஆகிய ஊர்களிலும், மகாராஷ்டிரத்தின் சில ஊர்களிலும், ஊருக்கு 40 குடும்பங்களைத் தேர்ந்து, ஊரிலேயே தங்கிய ஆய்வாளர்களைக் கொண்டு உழைப்பையும் வரவு செலவையும் பதிவு செய்தார்கள். ஹைதராபாத்துக்குத் தெற்கே செம்மண் பூமியான ஆவுரேபள்ளியில் கூலியுழைப்புக்கு உயிருள்ள சந்தை இருந்தது. சிறு சாகுபடிக் குடும்பத்தாரும் பிறர் நிலத்துக்குக் கூலிக்குப் போனார்கள். ஆகவே களையெடுப்பிலும் அறுப்பிலும் வீட்டு உழைப்புக்கு ஊர்க்கூலியை இடுவது கற்பனையாகாது. வேலை கிட்டாத கோடையில் அதே விகிதத்தை இடுவதே பிழை. நஷ்டத்தைப் பெருக்குவது கூலியை மதிப்பிடும் செயலன்று, ஆண்டு முழுவதற்கும் ஒரே விகிதத்தை விதிப்பது என்றே நான் கொள்கிறேன். ஓர் ஊரின் சான்று இந்தியா முழுவதற்கும் பொருந்தாது என்று கூறலாம். ஆயினும் உபரி உழைப்பு என்ற பொது அனுமானத்தைவிட, வீடு வீடாக எழுதிய ஏடு வலியது என்றே துணிகிறேன்.

இன்னொரு இடரும் உண்டு. அன்றைய ஆவுரேபள்ளியில் சோளம், கம்பு, துவரை ஆகிய மூன்றும் ஒரே வயலில் ஊடுபயிராக நின்றன. ஒரு களையெடுப்பின் கூலியை எந்தப் பயிரின் கணக்கில் எழுதுவது? விளைச்சலின் விலையை விகிதமாகக் கொண்டு பிரிப்பதென்றால், செலவைக் கொண்டு காண வேண்டிய இலாபத்தை விலை முன்கூட்டியே முடிவு செய்துவிடும். வயலையே ஒரு கணக்காக எழுதுவது நேர்மை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அப்போது துவரை தனியே இலாபமா என்ற குடியானவனின் கேள்விக்கு அந்த ஏட்டில் விடை இராது.